அவன் பையில் இருந்த சார்ஜர்

சென்ற இதழில் ஒரு நியூ அடல்ட் காதல் நாவலை, அதாவது கல்லூரி வயதிலோ முதல் வேலையிலோ இருப்பவர்களின் காதலைச் சொல்லும் நாவல் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். தலைப்பே கதையின் முடிவைச் சொல்லிவிடும் என்பதால் அதைச் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன். அந்த இதழைத் தவறவிட்டவர்களுக்காக மறுபடியும் சுருக்கமாக: அவளுக்கு 22 வயது. முதல் வேலை. அப்பா இறந்து சில மாதங்கள் ஆகின்றன. இறந்த அன்று காலை அவர் அனுப்பிய குரல் பதிவை அவள் இன்னும் திறந்து கேட்கவில்லை. அது இருக்கிற பழைய போனை மாற்றவும் மனம் வரவில்லை. போனோ மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும் நிலையில் இருக்கிறது. அவள் குடியிருக்கும் வீட்டின் இன்னொரு அறையில் 24 வயது இளைஞன் ஒருவன். தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பைப் பாதியில் விட்டவன், இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மெல்ல மெல்ல வருகிற காதல்தான் கதை.

இதைப் படித்துவிட்டு நிறைய கடிதங்கள் வந்தன. காதல் கதைகளைப் பற்றிக் கேட்க இத்தனை பேரிடம் இத்தனை கேள்விகள் இருப்பது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கிறது. பல ஆண்டுகள் பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்த்தவள் நான். என் மேஜைக்கு வந்த கைப்பிரதிகளில் பாதி காதல் கதைகள்தான். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

எனக்கு 41 வயது. அப்பா நலமாக இருக்கிறார். வாடகை வீட்டில் முன்பின் தெரியாதவர்களோடு தங்கியதும் இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய கதைச் சுருக்கத்தைப் படித்ததற்கே கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் எனக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லையே, எப்படி?
— ஒரு வாசகி

கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்ற பயம் உங்களுக்குத் தெரியும், அதனால்தான். ரொம்பப் பிடித்த ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் மடித்து வைத்தவர்கள் உண்டு. நெருங்கியவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் குரல் பதிவைத் திறக்காத வரைக்கும் அப்பா அவளிடம் சொல்ல இன்னும் ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது. திறந்துவிட்டால் அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தவர் ஆகிவிடுவார். சூழ்நிலை அவளுடையது. காரணம் நம் எல்லோருக்கும் பொது.

'நம்மைப் போலவே இருக்கிறாள்' என்று ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது வயதும் வேலையும் குடும்பமும் ஒத்துப்போவதாக நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரையில் அது மிகக் குறைவாகவே உதவுகிறது. எல்லா வாசகிக்கும் பிடிக்க வேண்டும் என்று நினைத்து எழுதிய நாயகிகள் ஏராளமாக என் கையால் திருத்தப்பட்டுப் போயிருக்கிறார்கள். சுமாரான உயரம், சுமாரான அழகு, மழை பிடிக்கும், புத்தகம் பிடிக்கும், கூட்டம் பிடிக்காது. கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிய மறுநாள் அவளுடைய பெயர்கூட நினைவில் இருக்காது. எல்லோருக்கும் பொருந்தட்டும் என்று தைத்த சட்டை மாதிரி, யார் தோளிலும் சரியாக உட்காராது. ஆனால் சார்ஜ் இறங்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடைக்குள் நுழைந்ததும் முதலில் சுவரில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று தேடும் பெண்ணை எனக்கு மறக்காது. நான் அப்படிச் செய்ததே கிடையாது. ஆனாலும் அவளைத் தெரியும்.

நாவலை மூடி வைத்த பிறகு நான் ஒரு காரியம் செய்வேன். கதையில் இல்லாத ஒரு சம்பவத்தை நானே வைத்துப் பார்ப்பேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அவள் என்ன செய்வாள்? அவனைக் கூப்பிடுவாளா? மாட்டாள். நடந்தே வந்துவிட்டு, மறுநாள் அதை ஏதோ வேடிக்கை போல அவனிடம் சொல்வாள். அவன் சிரிக்க மாட்டான். பதில் இப்படி யோசிக்காமலே வந்துவிட்டால் எழுதியவர் ஒரு முழு மனுஷியைப் படைத்துவிட்டார் என்று அர்த்தம்.

நியூ அடல்ட் என்கிறார்கள், யங் அடல்ட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? விற்பனைக்காக வைத்த பெயரா?
— கல்லூரி மாணவர்

பெயர் பதிப்பகத்திலிருந்து வந்தது உண்மைதான். அமெரிக்காவின் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் 2009-ல் ஒரு எழுத்துப் போட்டி வைத்தது. யங் அடல்ட் கதைகளின், அதாவது பதின்வயதினரைப் பற்றிய கதைகளின், நாயகர்களைவிடச் சற்று வயது கூடியவர்களைப் பற்றிய கதைகளை அந்தப் போட்டிக்குக் கேட்டார்கள். இந்தப் பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஆனால் இந்த வகையை நிலைநிறுத்தியவர்கள் 2011, 2012 வாக்கில் தாங்களே மின்னூலாக வெளியிட்ட எழுத்தாளர்கள். 'கல்லூரி வயதுக் கதையை யார் வாங்குவார்கள்' என்ற தயக்கம் பதிப்பாளர்களிடம் இருந்த நேரம் அது. வாசகர்கள் தேடித் தேடி வாங்கிய பிறகு அதே நூல்களைப் பெரிய பதிப்பகங்கள் உரிமை பெற்று அச்சிட்டன.

வித்தியாசம் வயதோடு முடிவதில்லை. யங் அடல்ட் கதையில் வீட்டுச் சாவி பெரியவர்கள் கையில் இருக்கும். நியூ அடல்ட் கதையில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது அவள்தான். தவறு செய்தால் திட்டுவதற்கு யாரும் இல்லை, அதைச் சரிசெய்யவும் யாரும் வரமாட்டார்கள். ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையில் 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பிரித்துக் காட்டினார். அந்த வயதினர் தங்களைச் சிறுவர்களாகவும் நினைப்பதில்லை, முழுப் பெரியவர்களாகவும் நினைப்பதில்லை என்பதும், காதல், வேலை, உலகத்தைப் பற்றிய சொந்தக் கருத்து ஆகிய மூன்றிலும் அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அவர் சொன்னது. நல்ல நியூ அடல்ட் நாவலில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஆட்டம் காண்கின்றன. காதலை மட்டும் வைத்துக்கொண்டு வேலையையும் மற்றதையும் ஓரமாகத் தள்ளிவிட்டால் கதை சப்பென்று போய்விடும்.

என் மகளுக்கு 15 வயது. தோழிகள் படிக்கிறார்கள் என்று இந்த மாதிரி நாவல் ஒன்றைக் கேட்கிறாள். அட்டையில் பொம்மைப் படம் மாதிரி அழகாக ஒரு பையனும் பெண்ணும் இருக்கிறார்கள். வாங்கித் தரலாமா?
— ஒரு தாய்

அட்டையை நம்பாதீர்கள். பளிச்சென்ற வண்ணத்தில் கார்ட்டூன் மாதிரி வரைந்த அட்டைக்குள் மிக வெளிப்படையான அந்தரங்கக் காட்சிகள் இருக்கும் நாவல்கள் இப்போது நிறைய வருகின்றன. இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் 18 வயது தாண்டியவர்களை மனதில் வைத்து எழுதப்படுபவை. காதலோடு துக்கம், வன்முறை, தன்னைத்தானே வருத்திக்கொள்வது போன்ற விஷயங்களும் வரும். பல எழுத்தாளர்கள் முதல் சில பக்கங்களுக்குள் 'இந்தக் கதையில் இன்னின்ன விஷயங்கள் வருகின்றன' என்று ஒரு குறிப்பு வைக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

வெளிப்படையான காட்சிகள் உள்ளதை இப்போது வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் கையிலிருந்து பிடுங்காதீர்கள். நீங்கள் முதலில் படியுங்கள், ஒத்திப்போட வேண்டும் என்று தோன்றினால் காரணத்தையும் அவளிடம் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக அவள் வயதுக்கான ஒரு காதல் கதையை இருவரும் படித்து, அந்தப் பையன் நடந்துகொண்டது சரியா என்று அவளிடம் கேளுங்கள். அந்தப் பேச்சு பிற்காலத்தில் அவளுக்கு மிகவும் உதவும்.

நான் படித்துக்கொண்டிருக்கும் நாவலில் ஹீரோ அவளுடைய போனைப் பிடுங்கி மெசேஜ்களைப் பார்க்கிறான். அவள் வகுப்புத் தோழனோடு பேசியதற்காகச் சுவரில் குத்தி ரத்தம் வரவைத்துக்கொள்கிறான். என் தோழிகள் 'எவ்வளவு லவ் பார்' என்று உருகுகிறார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது. நான்தான் கதையைச் சரியாகப் படிக்கத் தெரியாதவளா?
— 19 வயது வாசகி

நீங்கள்தான் சரியாகப் படித்திருக்கிறீர்கள். அந்த வயிற்றைப் பிசைகிற உணர்வை விட்டுவிடாதீர்கள்.

அப்படிப்பட்ட ஆணைப் பற்றி நாவல் எழுதவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் காதலித்துவிட்டுத் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தவிப்பை உண்மையாக எழுதிய நாவல் ஒருத்திக்குத் தன் நிலைமையைப் புரியவைக்கலாம். நான் பார்ப்பது கதை யார் பக்கம் நிற்கிறது என்பதை. அவன் சுவரில் குத்திய பிறகு அடுத்த பத்தி எங்கே போகிறது என்று பாருங்கள். அவளுடைய பயத்துக்குள் போகிறதா, அவனுடைய காயம்பட்ட விரல்களுக்கு மருந்து போடப் போகிறதா? மருந்து போடும் காட்சியை ஒரு பக்கத்துக்கு ரசித்து எழுதி, அவளுடைய பயத்தை ஒரே வரியில் கடந்துவிட்டால் எழுதியவர் முடிவெடுத்துவிட்டார். உங்கள் தோழிகள் உருகியது அந்த மருந்துக் காட்சிக்குத்தான். அதை அப்படி உருகும்படித்தான் எழுதியிருக்கிறார்கள், அதனால் தோழிகள் மேல் கோபம் வேண்டாம்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அவளோடு யார் யார் இருந்தார்கள்? தோழி, அக்கா, கூட வேலை செய்பவர்கள், அவள் சேர்ந்திருந்த நடன வகுப்பு. இருபதாம் அத்தியாயத்தில் யார் மிச்சம்? அவன் ஒருவன்தான் மிச்சம் என்றால், அதைக் கதை 'அவனே அவளுக்கு உலகமாகிவிட்டான்' என்று சொல்லும். எனக்கு அதைப் படிக்கும்போது அவளுக்காகக் கவலையாக இருக்கும்.

நான் சொன்ன நாவலிலும் அவன் அவளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறான். அவள் எப்போது கதவைத் தாழிடுகிறாள், எந்தப் பாட்டு வந்தால் அணைக்கிறாள், போனை ஏன் கீழே வைக்கமாட்டேன் என்கிறாள், எல்லாம் அவனுக்குத் தெரியும். இரண்டு ஹீரோக்களின் கண்ணும் ஒரு பெண்ணின் போனில்தான் இருக்கிறது. ஒருவன் அதைப் பிடுங்குகிறான். இன்னொருவன் அது அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்பதுகூட இல்லை. தெரிந்துகொண்டதை வைத்து ஒருவன் என்ன செய்கிறான் என்பதில்தான் எனக்கு அவன் மேல் பிரியம் வருவதும் போவதும்.

இது நாவலில் இல்லாமல் நிஜ வாழ்க்கையில் உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ நடந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாமல் நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.

எல்லாக் காதல் நாவலிலும் முக்கால்வாசி தாண்டியதும் இரண்டு பேரும் பிரிந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் விஷயம். கோபத்தில் புத்தகத்தை எறியலாம் போல இருக்கிறது. கடைசியில் சேரத்தானே போகிறார்கள்?
— தொடர்ந்து எழுதும் வாசகர்

சேரத்தான் போகிறார்கள். அமெரிக்கக் காதல் எழுத்தாளர்களின் சங்கம் இந்த வகைக்குக் கொடுத்த விளக்கத்திலேயே இரண்டு அம்சங்கள்தான் உண்டு: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். அதனால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே கிடையாது, எப்படி ஆகும் என்பதற்காகத்தான் படிக்கிறோம். அந்த 'எப்படி' பலவீனமாக இருந்தால் உங்களுக்கு வருகிற கோபம் நியாயமானது.

கதவுக்குப் பின்னால் நின்று பாதி வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பிரிவு எனக்கும் பிடிக்காது. அது பக்கத்தை நிரப்புவதற்காக வந்தது. முதல் அத்தியாயத்திலேயே விதைத்திருந்த பயம் கடைசியில் வெடிக்கிற பிரிவு வேறு மாதிரி. அந்த இளைஞன் தம்பிக்காகப் படிப்பை விட்டவன் என்று சொன்னேன் அல்லவா? தனக்கென்று எதையும் ஆசைப்படக் கூடாது என்று பழகிவிட்டவன். அவளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைக்கும்போது அவன் 'போகாதே' என்றும் சொல்லமாட்டான், 'நானும் வரட்டுமா' என்றும் கேட்கமாட்டான். சிரித்துக்கொண்டே பெட்டி கட்ட உதவுவான். அவளுக்கு அது 'இவனுக்கு நான் வேண்டாம்' என்று படுகிறது. இங்கே ஐந்து நிமிஷப் பேச்சு போதாது. பேச முடியாததுதான் அவனுடைய நோய். அந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை எறியத் தோன்றவில்லை, அவன் தோளைப் பிடித்து உலுக்கத்தான் தோன்றியது.

பிரிவை முக்காலில்தான் வைக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817-ன் கடைசியில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலில் பிரிவு கதை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆன் எலியட் 19 வயதில், தான் மதிக்கும் ஒரு பெரியவரின் பேச்சைக் கேட்டு, காதலித்தவனோடு நிச்சயமான உறவை முறித்துக்கொண்டவள். அவளுக்கு 27 வயதாகும்போது அவன் மறுபடி வருகிறான். நாவல் முழுக்க ஒரே கேள்விதான்: அவன் மனதில் இன்னும் தனக்கு இடம் இருக்கிறதா? இன்றைக்கு 'செகண்ட் சான்ஸ்' என்று தனி வகையாகவே பிரித்துச் சொல்கிற கதைகளைப் பிடித்தவர்கள் இதையும் படித்துப் பாருங்கள்.

'இந்த வயசுல காதல் கதையா?' என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அட்டையை மறைத்துக்கொண்டு படிக்கிறேன்.
— 53 வயது வாசகி

அட்டையைத் திறந்து வையுங்கள் அம்மா.

ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே நேரில் போய்ப் பேசி 1984-ல் ஒரு நூல் எழுதினார். கதை என்ன சொல்கிறது என்பதோடு, படிப்பதே அவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்றும் கேட்டார். அந்தப் பெண்களின் பதிலில் ஒன்று என்னை நிறைய யோசிக்க வைத்தது: எல்லோருடைய தேவையையும் பார்த்துக்கொண்டே இருக்கிற நாளில், புத்தகம் கையில் இருக்கும் நேரம் மட்டும்தான் தங்களுக்கே தங்களுக்கு என்று இருக்கிறது என்றார்கள். இந்தக் கதைகள் பெண்களின் வாழ்க்கையை மாற்றுவதைவிட இருக்கிற நிலைமையோடு சமாதானமாக்கிவிடுகின்றனவோ என்ற கேள்வியையும் ராட்வே விடாமல் எழுப்பினார். அதுவும் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் படிக்கிற பெண்ணைக் கேலி செய்வதற்கு அந்த நூலில் எந்த இடமும் இல்லை.

இருபது வயதுக் காதலைப் படிக்க 53 வயதுதான் தோதான வயது என்றுகூட நான் நினைக்கிறேன். அந்தப் பெண் எந்த இடத்தில் சறுக்கப்போகிறாள் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் அவளுக்காக மனம் அடித்துக்கொள்ளும்.

நான் ஆண். அக்கா கொடுத்தாள் என்று ஒன்று படித்தேன். ஒரு அத்தியாயம் அவள் சொல்வதாகவும் அடுத்தது அவன் சொல்வதாகவும் மாறி மாறி வருகிறது. அவன் சொல்லும் பகுதி ஆண் பேசுவது மாதிரியே இல்லை. இதெல்லாம் எங்களுக்கானது இல்லையோ?
— 23 வயது வாசகர்

தம்பி, அத்தியாயத்தின் மேலே போட்டிருக்கும் பெயரை விரலால் மூடிக்கொண்டு அரைப் பக்கம் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை, எழுதியவரிடம். இரண்டு பேருமே 'நான்' என்று பேசும்போது, நடக்கிற காரியத்தில் அவள் கண்ணுக்கு எது முதலில் படுகிறது, அவன் கண்ணுக்கு எது படுகிறது என்பதே மாற வேண்டும்.

ஆண் பாத்திரத்தை மூன்று பக்கத்துக்குத் தன் உணர்ச்சியை விளக்க வைத்தால் உங்களுக்கு ஒட்டாமல் போவது இயல்பு. நான் சொன்ன நாவலில் யாராவது 'என்ன படிக்கிற?' என்று கேட்டால் அந்த இளைஞன் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடுவான். மூன்று வெவ்வேறு இடங்களில் அப்படிப் போகிறான், ஒரு இடத்திலும் காரணம் சொல்வதில்லை. மூன்றாவது முறை நமக்கே புரிந்துவிடும். இந்த மாதிரி எழுதியதைத் தேடிப் பிடியுங்கள், உங்களுக்கானதுதான்.

நானும் ஒரு நாவல் எழுதுகிறேன். நாயகி அழும் காட்சிகளை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் படித்த நண்பர்கள் யாரும் அழவில்லை. என்ன செய்யலாம்?
— எழுத ஆரம்பித்திருக்கும் வாசகி

அவளை அழவிடாதீர்கள். அவள் அழுதுவிட்டால் வாசகருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

நான் சொன்ன நாவலில் ஒரு சார்ஜர் காட்சி உண்டு, அதை உங்களுக்காக விரிவாகவே சொல்கிறேன். ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அவளுக்குப் பேனா வேண்டும். அவன் பையில் தேடச் சொல்கிறான். பேனாவைத் தேடும் கைக்கு ஒரு சார்ஜர் தட்டுப்படுகிறது. வெளியே எடுத்துப் பார்க்கிறாள். அவளுடைய பழைய போனுக்கு மட்டும் பொருந்தும் பின் அது. அவன் போனுக்குப் பொருந்தாது, அந்த வீட்டில் வேறு யாருடைய போனுக்கும் பொருந்தாது. ஒயர் வளைந்து வளைந்து, பின்னுக்குப் பக்கத்தில் டேப் சுற்றியிருக்கிறது, அதாவது அவன் அதை ரொம்ப நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறான். 'இது எதுக்கு?' என்கிறாள். 'எப்பவாவது தேவைப்படும்னு' என்கிறான். அடுத்த வரியில் பேனா எழுதவில்லை, அவள் அதை உதறிப் பார்க்கிறாள். அத்தியாயம் முடிந்துவிட்டது.

'காதல்' என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் வரவே இல்லை. நெஞ்சு விம்மியது, கண்ணீர் பெருகியது என்று ஒன்றும் இல்லை. டேப் சுற்றிய ஒயரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் குரல் பதிவு கடைசியில் ஒலிக்கும் இடத்தைவிட இங்கேதான் எனக்கு அதிகம் அழுகை வந்தது. இந்தக் காட்சி இப்படி வேலை செய்வதற்கு அதற்கு முன்னால் பல அத்தியாயங்களில் அவளுடைய போன் தவறான நேரங்களில் அணைந்திருக்க வேண்டும், அவன் அங்கெல்லாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். உங்கள் கைப்பிரதியில் நாயகி அழும் பக்கத்தை விட்டுவிட்டு அதற்கு ஐம்பது பக்கம் முன்னால் போங்கள். அங்கே என்ன பொருளை வைத்திருக்கிறீர்கள், யார் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் வேலை அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், மெய்ப்பு பார்த்த பழக்கத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் பாத்திரங்களை வேலைக்கு அனுப்புங்கள். காதல் வந்த அத்தியாயத்திலிருந்து யாரும் அலுவலகம் போகாத கைப்பிரதிகள் அத்தனை பார்த்திருக்கிறேன். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வருகிறவனும் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவளும் வாசலில் பத்து நிமிஷம்தான் சந்திக்க முடியும் என்றால், அந்தப் பத்து நிமிஷத்துக்கு எவ்வளவு மதிப்பு வந்துவிடுகிறது பாருங்கள். இதற்காக ஒரு காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை ஷிப்டில் இருந்தவன் அதே செவ்வாய் இரவு மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தால், அது வரைக்கும் உங்களை நம்பி வந்த வாசகர் அங்கே கையை விட்டுவிடுவார்.

ஒரு நாவலை முடித்துவிட்டு வெறுமையாக இருக்கிறேன். அந்த இரண்டு பேரையும் நிஜமாகவே பிரிந்துவிட்டது போல இருக்கிறது. அதைவிடக் கஷ்டம், நான் காதலிப்பவர் நல்லவர்தான், ஆனால் அந்த நாயகனோடு ஒப்பிட்டால் சாதாரணமாகத் தெரிகிறார். இப்படி நினைப்பது தப்பா?
— 26 வயது வாசகி

தப்பே இல்லை. ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே வானொலி, தொலைக்காட்சியில் வருபவர்களோடு பார்வையாளர்களுக்கு உண்டாகும் ஒருவழி நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதைக் கதைப் பாத்திரங்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு வாரமாக இரவு பகலாக ஒருவருடைய மனதுக்குள்ளேயே இருந்துவிட்டு வெளியே வந்தால் வெறிச்சென்றுதான் இருக்கும். உடனே அதே மாதிரி இன்னொரு கதையை எடுக்காதீர்கள், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வீர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, காதலே மையமாக இல்லாத வேறொன்றைப் படியுங்கள்.

உங்களவரைப் பற்றி. அந்த நாயகன் என்ன நினைக்கிறான் என்று உங்களுக்கு வரிக்கு வரி தெரியும், ஏனென்றால் அவன் அத்தியாயங்களை அவனே சொல்கிறான். உங்களவருக்கு அப்படி அத்தியாயம் கிடையாது. அவர் மௌனமாக இருக்கும்போது உள்ளே என்ன ஓடுகிறது என்று யாரும் எழுதித் தரவில்லை. நாவலின் நாயகனுக்கு நாயகியின் தேவையைத் தெரிந்துவைத்திருக்கும் ஓர் எழுத்தாளர் துணை இருக்கிறார். உங்களவர் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, பாதி நேரம் நீங்கள் சொல்லாமலேயே.

அதனால் சொல்லிவிடுங்கள். அந்தக் கதையில் உங்களை உருக்கிய ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு கொடுத்ததா, பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்டதா, உடம்பு சரியில்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததா? எது என்று சரியாகத் தெரிந்துகொண்டு, 'எனக்கு இது பிடிக்கும், இப்படி இருந்தால் சந்தோஷமாக இருக்கும்' என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கூடவே அவர் இதுவரை உங்களுக்காகச் செய்து நீங்கள் கவனிக்காமல் விட்டது ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் அவர் சொன்ன பதிலை, விருப்பம் இருந்தால், எனக்கும் எழுதுங்கள்.